நாள் குறைவாக வந்தவர்களின் நகரம்

"டீச்சர், ரோமுக்கு மூணு நாள் போதுமா?"

தூத்துக்குடியில் எங்கள் பங்கிலிருந்து புனிதப் பயணம் கிளம்புகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான். பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவள் நான். பயணத் திட்டம் எழுதித் தருவது அதன் பிறகு தானாக வந்து சேர்ந்த வேலை. கேட்கிறவர்களின் குரலில் ஒரு கூச்சம் இருக்கும். அத்தனை பழைய ஊரை மூன்றே நாளில் பார்க்க நினைப்பது மரியாதைக் குறைவோ என்கிற கூச்சம். அது வேண்டியதில்லை என்று அவர்களிடம் சொல்வேன். ரோமின் பாலங்களும் நேர்வீதிகளும் சதுக்கங்களில் நிற்கிற கல்தூண்களும் யாருக்காக உண்டாயின என்று விசாரித்தால், அவற்றில் பல, நாள் குறைவாக வந்த வெளியூர்க்காரர்களுக்காக உண்டானவை.

இதற்கான பழைய சாட்சி ஒன்று சுவிட்சர்லாந்தில், ஐன்சீடல்ன் மடத்து நூலகத்தில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் படியெடுத்த சிறிய தோல்சுவடி. ரோமை ஒரு கோட்டை வாசலிலிருந்து குறுக்காக நடந்து போனால் வழியில் என்னென்ன வரும் என்பது அதில் எழுதியிருக்கிறது. எழுதிய முறைதான் அழகு. சுவடியை விரித்தால் இடப்பக்கத்தில், நடக்கிறவரின் இடது கைப்பக்கம் வருகிறவை. வலப்பக்கத்தில், வலது கைப்பக்கம் வருகிறவை. வழி ஒரு வளைவுக்கு உள்ளே புகுந்து போனால் அதன் பெயர் நடுவில். புனிதர்களின் கோவில்களுக்கு இடையிடையே திராயான் தூண், செவேருஸ் வளைவு, பந்தேயன். வர்ணனை கிடையாது, கதை கிடையாது. வழி கேட்டு நின்று நேரத்தை வீணாக்க முடியாத ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நடப்பதற்கு இதைவிட நல்ல ஏடு வேண்டுமா? என் திட்டங்களை நான் இன்றும் இதே முறையில்தான் எழுதுகிறேன்: இடப்பக்கம் இது, வலப்பக்கம் இது.

ஆனால் இத்தனை நாள் என்று கணக்குப் போட்டுச் சொன்னவர் பாப்பரசர் எட்டாம் போனிபாஸ். 1300 பிப்ரவரி 22 அன்று அவர் முதல் யூபிலி ஆண்டை அறிவித்தார். பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, இராயப்பர் (பேதுரு) கோவிலையும் சின்னப்பர் (பவுல்) கோவிலையும் சந்திக்கிறவர்களுக்குப் பரிபூரண பலன். ரோம் வாசிகள் என்றால் 30 நாள், வெளியூரிலிருந்து வருகிறவர்கள் என்றால் 15 நாள், நாளுக்கு ஒரு முறையாவது போக வேண்டும். இந்த வேறுபாட்டை நான் வகுப்பில் சொல்லும்போது பிள்ளைகள் சட்டென்று புரிந்துகொள்வார்கள். வெளியூர்க்காரருக்குத் தங்குகிற செலவு இருக்கிறது, ஊரில் வயல் காத்திருக்கிறது, ஆல்ப்ஸ் மலையில் பனி விழுமுன் திரும்ப வேண்டியிருக்கிறது. அந்தக் கஷ்டம் பாப்பரசரின் ஆணைக்குள்ளேயே ஏறியிருக்கிறது. பிற்காலத்து யூபிலிகளில் கூட்டம் தாங்காமல் நாள் கணக்கை இன்னும் குறைத்துக் கொடுத்தார்கள்.

பதினைந்து நாள் தாராளமாகத் தோன்றலாம். நடந்து பார்த்தால் தெரியும். இராயப்பர் கோவில் தீபர் ஆற்றின் மேற்குக் கரையில். சின்னப்பர் கோவில் தெற்கே, மதிலுக்கு வெளியே, ஆறு கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்பினால் பாதி நாள் போயிற்று. 1350-இல் லாத்தரன் அருளப்பர் கோவிலும், 1390-இல் மரியா மஜோரேயும் சேர்ந்துகொண்டன. நாலு கோவில், நகரத்தின் நாலு திக்கில்.

அந்த 1300-இல் ரோமுக்குப் போனவர்களில் இரண்டு பேர் எழுதி வைத்தது எனக்குப் பிடிக்கும். பிளாரன்சைச் சேர்ந்த ஜொவான்னி வில்லானி, ஆண்டு முழுக்க எந்த நேரத்திலும் இரண்டு லட்சம் யாத்திரிகர்கள் ஊருக்குள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்; தன் ஊரின் வரலாற்றை எழுத வேண்டும் என்ற எண்ணம் அந்தப் பயணத்தில் வந்தது என்றும் சொல்கிறார். அஸ்தி நகரத்து குல்யெல்மோ வெந்தூரா சில்லறை விவரங்களின் ஆள். குதிரைக்கு வைக்கோல் விலை, படுக்கைக்குக் கொடுத்த காசு எல்லாம் அவரிடம் உண்டு. சின்னப்பர் பீடத்தருகே இரண்டு குருமார் இரவும் பகலும் வாருகோலைக் கையில் வைத்துக்கொண்டு காணிக்கைக் காசை வாரிக்கொண்டே இருந்ததைக் கண்ணால் கண்டதாக அவர் எழுதியிருக்கிறார்.

இத்தனை பேரும் ஆற்றைக் கடந்தாக வேண்டும். இராயப்பர் கோவிலுக்குப் போகும் முக்கிய வழி, பேரரசன் ஹாட்ரியான் கட்டிய பாலம். இன்றைக்கு சாந்த் ஆஞ்ஜெலோ பாலம், அதாவது சம்மனசு பாலம். 1300-இல் அதன் மேல் போகிறவர்களுக்கு ஒரு பக்கம், வருகிறவர்களுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து விட்டார்கள். கவிஞர் தாந்தே தன் நரக காண்டத்தில், எதிரெதிராக நடக்கும் பாவிகளின் இரண்டு வரிசைக்கு இந்தப் பாலத்தைத்தான் உவமை சொல்கிறார். ஐரோப்பாவின் மிகப் பெரிய கவிதை ஒன்றில் கூட்ட ஒழுங்கு இடம்பெற்றிருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மகிழ்ச்சி.

அந்த ஒழுங்கு எப்போதும் காக்கவில்லை. 1450 யூபிலியில் டிசம்பர் 19 அன்று, இராயப்பர் கோவிலிலிருந்து திரும்பிய கூட்டமும் எதிரே வந்த கூட்டமும் பாலத்தில் முட்டிக்கொண்டன. பாலத்தின் மேல் அப்போது கடைகள் இருந்தன, இடம் குறுகல். நடுவில் ஒரு கோவேறு கழுதை மிரண்டது. நசுங்கியும் ஆற்றில் விழுந்தும் ஏறக்குறைய 200 பேர் இறந்தார்கள். கிறிஸ்துமசுக்கு ஆறு நாள் இருந்தது. எங்கள் ஊர்ப் பனிமய மாதா திருவிழாத் தேரோட்டத்தில் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்ற எவருக்கும் அந்தப் பாலத்தில் என்ன நடந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. பாப்பரசர் ஐந்தாம் நிக்கொலாஸ் பாலத்து அடைசலை அகற்றினார், பாலத்தின் முகப்பில் இடத்தை விரித்தார், இறந்தவர்களுக்காக இரண்டு சிற்றாலயங்கள் எழுப்பினார். பின்னால் அவற்றின் இடத்தில் இராயப்பரும் சின்னப்பரும் சிலையாக வந்தார்கள். இன்றைக்குப் பாலத்தில் ஏறும்போது இரு பக்கமும் நிற்கிறார்களே, அவர்கள்தான். படம் எடுக்கிறவர்கள் எல்லாரும் பாலத்தில் நிற்கிற, சிற்பி பெர்னினியின் சம்மனசுகளையே எடுக்கிறார்கள். இந்த இரண்டு பேருக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, அந்த 200 பேருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுங்கள் என்று என் திட்டத்தில் எழுதி வைப்பேன்.

அடுத்த யூபிலி 1475-இல். இதற்குள் பாப்பரசர் நான்காம் சிக்ஸ்துஸ் ஆற்றின் மேல் புதிதாக ஒரு பாலமே கட்டத் தொடங்கிவிட்டார். பொந்தே சிஸ்தோ என்று அவர் பெயரிலேயே அது இருக்கிறது. ஒரு பக்கமாகப் போய் இன்னொரு பக்கமாகத் திரும்ப வழி பிறந்தது.

மூன்று நாள் என்ற கணக்கும் பழையதுதான். 16-ஆம் நூற்றாண்டின் நடுவில், ரோமின் அதிசயங்களைச் சொல்லும் சிறு புத்தகங்களோடு சேர்த்து, வெளியூர்க்காரர்களுக்கான ஒரு வழிகாட்டி அச்சாகி வந்தது. எழுதியவர் ஷாக்கர்லே என்ற பெயருள்ள ஆங்கிலேயர். முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் என்று மூன்று பகுதி. தொடக்கம், இராயப்பர் கோவிலை ஒட்டிய போர்கோ பகுதியிலிருந்து. நல்ல வரிசையோடு தொடங்காமல் இதையும் அதையும் பார்த்துக்கொண்டு நின்றால் பாதியைப் பாராமல் ஊர் திரும்ப வேண்டியதுதான் என்று ஆரம்பத்திலேயே எச்சரிக்கிறார். கட்டடக் கலைஞர் பல்லாதியோவும் 1554-இல் பழம்பொருள்களுக்கு ஒன்று, கோவில்களுக்கு ஒன்று என்று இரண்டு சிறு வழிகாட்டி நூல்கள் எழுதினார். அத்தனை பெரிய மேதை இப்படிக் கையடக்கப் புத்தகம் எழுத உட்கார்ந்தாரே என்பதில் எனக்கு அவர்மேல் மதிப்பு கூடுகிறது. 1580-இல் வந்த பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன், தன் வழிகாட்டி விட்டுப் போனதும் மாலையில் வரைபடங்களையும் புத்தகங்களையும் படிக்கச் செய்து கேட்டு, காலையில் அந்தந்த இடத்துக்கே போய்ப் பார்த்தார். சில நாளில், அந்த வழிகாட்டிக்கே வழி காட்டும் அளவுக்குத் தேறிவிட்டாராம். என் திட்டத்தை வாங்கிப் போகிறவர்களும் இரவில் ஒரு முறை படித்துவிட்டுத் தூங்கினால் போதும்.

இதே காலத்தில் புனித பிலிப்பு நேரியார் இன்னொரு வழி வகுத்தார். சாம்பல் புதனுக்கு முந்திய வியாழன், ரோம் முழுக்கக் களியாட்டத்தில் இருக்கும் நாள். அன்றைக்கு அவர் ஆட்களைத் திரட்டி ஏழு கோவில்களுக்கு நடத்திப் போனார். நாலு பெரிய கோவில்களோடு லொரென்சோ, சாந்தா குரோச்சே, செபஸ்தியார் கோவில்கள்; சுற்று முழுதும் 20 கிலோமீட்டருக்கு மேல். வழியில் மத்தேயி குடும்பத்தின் தோட்டத்தில் உட்கார்ந்து ரொட்டி, முட்டை, பாலாடைக்கட்டி, திராட்சை ரசம். பாட்டும் உண்டு. களியாட்டத்தைத் திட்டாமல் அதைவிட மகிழ்ச்சியான ஒரு நாளைக் கொடுத்த மனிதர் அவர். 1575 யூபிலிக்கு அந்தோனியோ லஃப்ரேரி அச்சிட்ட செப்புத்தகட்டுப் படத்தில் இந்த ஏழு கோவில்களும் இருக்கின்றன. வாசலில் அந்தந்தப் புனிதர் ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிறார், எறும்பு வரிசையாக யாத்திரிகர்கள் ஒரு கோவிலிலிருந்து அடுத்த கோவிலுக்கு நடக்கிறார்கள். வரைபடத்தின் துல்லியம் அதில் இல்லை. பார்க்க வேண்டியவை மட்டும் பெரிதாக இருக்கின்றன.

அந்தப் படத்தை நகரத்திலேயே கல்லால் எழுதியவர் பாப்பரசர் ஐந்தாம் சிக்ஸ்துஸ். 1585 முதல் 1590 வரை ஐந்தே ஆண்டுதான் பதவியில் இருந்தார். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர்; இயற்பெயர் பெலிச்சே பெரெத்தி. பக்தர்கள் கோவில் கோவிலாக நடக்கும்போது திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே வழி தவறுகிறார்கள் என்றால், தோட்டங்களை வெட்டி நேர்வீதி போடு என்பது அவர் தீர்மானம். பொறியாளர் தொமெனிக்கோ பொந்தானா உடன் நின்றார். மேட்டிலும் பள்ளத்திலும் வளையாமல் ஏறி இறங்கி, திரினித்தா தெய் மோந்தி குன்றிலிருந்து மரியா மஜோரே வரை, அதற்கு அப்பால் சாந்தா குரோச்சே வரை ஒரே நேர்கோடு. தன் இயற்பெயரால் அதை ஸ்த்ராதா பெலிச்சே என்று அழைத்தார்.

வீதி போட்டால் போதாது, போய்ச் சேரும் இடம் தூரத்திலேயே தெரிய வேண்டும். அதற்குத்தான் எகிப்தியக் கல்தூண்கள். 1586-இல் இராயப்பர் கோவிலுக்குப் பக்கத்தில் நின்ற இடத்திலிருந்து, 300 டன்னுக்கு மேல் கனத்த தூணைப் படுக்க வைத்து, இழுத்து, கோவிலுக்கு முன்னால் நிமிர்த்தினார்கள். சுமார் 900 ஆட்கள், குதிரைகள், வடச் சக்கரங்கள். ஏப்ரலில் தொடங்கி செப்டம்பரில் முடிந்தது. அடுத்த ஆண்டு மரியா மஜோரேக்குப் பின்புறம் ஒன்று, 1588-இல் லாத்தரனில் ஒன்று, 1589-இல் வடக்கு வாசலுக்கு உள்ளே பொப்போலோ சதுக்கத்தில் ஒன்று. மொழி தெரியாத, எழுத்துப் படிக்கத் தெரியாத ஒரு விவசாயியும் தலை நிமிர்ந்து பார்த்து, அதோ என்று நடக்கலாம். திட்டத்தைத் தாளில் எழுதித் தருகிற எனக்கு, நகரத்தையே திட்டமாக எழுதிய அந்த ஐந்து ஆண்டை நினைத்தால் மலைப்பாக இருக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இந்த வீதியில் ஒரு தனி உரிமை உண்டு. மரியா மஜோரேதான் பனிமய மாதாவின் மூலக்கோவில். ஆகஸ்ட் மாத வெயிலில் எஸ்குயிலின் குன்றில் பனி விழுந்து, கோவில் கட்ட மாதா இடம் காட்டினாள் என்பது மரபு. ஆகஸ்ட் 5 அன்று தூத்துக்குடியில் நாங்கள் திருவிழா கொண்டாடும்போது, அங்கே பூசை நேரத்தில் மேற்கூரையிலிருந்து வெள்ளைப் பூவிதழ்களைப் பொழியவிடுகிறார்கள். ஐந்தாம் சிக்ஸ்துஸ் தனக்குக் கல்லறை அமைத்துக்கொண்டது இந்தக் கோவிலில். பாப்பரசர் பிரான்சிசும் 2025 ஏப்ரலில் இங்கேதான் அடக்கம் செய்யப்பட்டார்.

18-ஆம் நூற்றாண்டில் வந்தவர்கள் வேறு வகை. பணக்கார வீட்டுப் பிள்ளைகள், மாதக்கணக்கில் தங்கிச் சிற்பமும் சிதிலமும் பார்த்தவர்கள். செதுக்கோவியர் ஜுசெப்பே வாசி 1763-இல் ரோமை எட்டு நாளாகப் பிரித்து வழிகாட்டி எழுதினார். ஸ்காட்லாந்து மருத்துவர் ஜான் மூர் 1781-இல் வெளியிட்ட நூலில், பழம்பொருள் அறிஞர் ஒருவரோடு நாளுக்கு மூன்று மணி நேரமாக ஆறு வாரம் சுற்றுவதுதான் வழக்கம் என்கிறார். நான்கு குதிரை வண்டி பிடித்து இதையெல்லாம் இரண்டே நாளில் பார்த்து முடித்த ஓர் இளைஞனையும் குறிப்பிடுகிறார். அந்த இளைஞன் எனக்கு உவப்பில்லாதவன். நாள் குறைவு என்பதற்காக யாத்திரிகர்கள் ஓடவில்லை. எதைப் பார்ப்பது என்பதைக் குறைத்துக்கொண்டு, அதை நடந்தே பார்த்தார்கள்.

வருகிறவர்களுக்காக ரோம் தன்னை மாற்றிக்கொண்டது எல்லாமே நன்மையாக முடியவில்லை. 1936-இல் இராயப்பர் கோவிலுக்கு முன்னால் இருந்த நெருக்கமான வீட்டு வரிசைகளை இடித்து, 1950 யூபிலிக்குள் கொன்சிலியாசியோனே என்ற அகல வீதியைப் போட்டு முடித்தார்கள். இருட்டுச் சந்துகளில் நடந்து வந்து திடீரென்று பெர்னினியின் தூண் வட்டத்துக்குள் வெளிப்படுகிற அனுபவம் அதோடு போயிற்று. இப்போது ஆற்றங்கரையிலிருந்தே கோவில் முழுதும் தெரிகிறது. எனக்கு அது தீராத வருத்தம். 2025 யூபிலிக்காகச் செய்து 2024 டிசம்பரில் திறந்துவிட்ட வேலை எவ்வளவோ மேல்: சம்மனசு கோட்டைக்கு அருகே வண்டிப்பாதையைப் பூமிக்கு அடியில் இறக்கி, மேலே நடக்கிறவர்களுக்குச் சதுக்கம் விட்டிருக்கிறார்கள்.

ஆகையால் நான் எழுதித் தருகிற மூன்று நாள் இப்படி இருக்கும். முதல் நாள் காலை மரியா மஜோரே. பூசை முடிந்ததும் பின்பக்கத் தூணிலிருந்து சிக்ஸ்துஸ் வீதியில் திரினித்தா தெய் மோந்தி வரை நடை. பெயர்கள் மாறிவிட்டன, கோடு மாறவில்லை. நடுவில் நான்கு நீரூற்றுகள் இருக்கும் நாற்சந்தி வரும். ஒதுங்கி நின்று நாலு பக்கமும் பார்த்தால் மூன்று திசையில் கல்தூண், நாலாவதில் பியா வாசல். இரண்டாம் நாள் விடியற்காலை சம்மனசு பாலத்தைக் கடந்து இராயப்பர் கோவில், மத்தியானத்துக்கு மேல் கொலோசியமும் பழைய மன்றமும். மூன்றாம் நாள் லாத்தரன், பிறகு சின்னப்பர் கோவில். முழங்கால் வலிக்காரர்கள் மெட்ரோவில் போகலாம். வாடிகன் அருங்காட்சியகம் வேண்டும் என்கிறவர்கள் நேரம் குறித்த சீட்டை இங்கிருந்தே எடுத்துவிட்டு, அந்த நாளில் வேறு ஒன்றை விட்டுவிட வேண்டும். எதை விடுவது என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள், வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.