மட்டாஞ்சேரி யூதர் தெரு

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்குப் பெரியாறு அயலாறு அன்று. 1895இல் பென்னி குவிக் கட்டி முடித்த அணையினின்று மலையைக் குடைந்து வரும் அதன் நீர், சுருளியாற்றோடு கலந்து, குச்சனூர்ப் படித்துறையையும் நனைத்துச் செல்கின்றது. அணைக்கு அப்பால் அதே பெரியாறு மேற்கே இறங்கிக் கொடுங்கல்லூரை அடுத்துக் கடலிற் கலக்கின்றது. சங்கப் புலவர் பாடிய முசிறித் துறை அந்தக் கழிமுகத்தில்தான் விளங்கியது. மேற்கு மலையின் மிளகை நாடி அங்கு வந்த பல நாட்டாருள் யூதரும் ஒரு சாரார். அவர்தம் வழித்தோன்றல்கள் வாழ்ந்த தெரு ஒன்று கொச்சி நகரின் மட்டாஞ்சேரிப் பகுதியில் இன்றும் யூதர் தெரு என்ற பெயரோடு நிற்கின்றது. குமுளிக் கணவாய் வழியாக ஒரே நாளில் சென்று சேரக்கூடிய அத்தெருவிற்கு மாணவர்களாகிய உங்களை இன்று அழைத்துச் செல்ல விரும்புகின்றேன்.

புறப்படுமுன் ஒரு செய்தியைத் தெளிவு செய்துகொள்வோம். யூதர் எப்போது நம் நாட்டிற்கு வந்தனர்? சாலமோன் மன்னன் காலத்திலேயே வந்தனர் என்பாரும், கி.பி. 70இல் எருசலேம் ஆலயம் அழிந்தபின் வந்தனர் என்பாரும் உளர். சாலமோன் வரலாற்றில் மயிலைக் குறிக்க வரும் ‘துகி’ என்ற எபிரேயச் சொல், நம் ‘தோகை’யே என்று கால்டுவெல் முதலிய அறிஞர் கருதினர். கேட்க இனிக்கும் செய்திதான். ஆயினும் சொல் கடல் கடந்தது என்பதனாலேயே குடியேற்றம் நிகழ்ந்தது என்று கூறிவிடல் ஆகாது. மரபு வேறு, சான்று வேறு.

உறுதியான சான்று ஒன்று உண்டு. அது செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், முயிரிக்கோட்டில் வீற்றிருந்து, யூதர் தலைவனான ஈசுப்பு இரப்பானுக்கு ‘அஞ்சுவண்ணம்’ என்னும் வணிகர் அமைப்பின் தலைமையையும் 72 உரிமைகளையும் வழங்கிய பட்டயம் அது. முயிரிக்கோடு என்பது கொடுங்கல்லூரே. சுங்கமும் நிறைகூலியும் செலுத்த வேண்டுவதில்லை. பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு, காளம், தோரணம் ஆகியன அவனுக்கு உண்டு. அவனுக்குப் பின் அவன் வழியினர்க்கும் உண்டு. உலகமும் ஞாயிறும் திங்களும் உள்ளளவும் இது நிலைக்கும் என்று மன்னன் பொறித்துக் கொடுத்தான். வழிகாட்டிகள் சிலர் இதனை நான்காம் நூற்றாண்டிற்கு ஏற்றிச் சொல்வர். அவ்வளவு பழமை அதற்கு இல்லை. எழுத்தமைதியையும் அரசர் ஆண்டையும் ஆராய்ந்தோர் கி.பி. 1000ஐ ஒட்டியது என்றே முடிவு செய்துள்ளனர். அது பொறிக்கப்பெற்ற எழுத்து வட்டெழுத்து. குச்சனூருக்கு அண்மையிலுள்ள சின்னமனூரிற் கிடைத்த பாண்டியர் செப்பேட்டின் தமிழ்ப் பகுதியும் வட்டெழுத்தே. மலைக்கு இப்புறம் பாண்டியன் நிலம் கொடுத்ததும், அப்புறம் சேரன் யூதனுக்குச் சிறப்புக் கொடுத்ததும் ஒரே எழுத்தில் நடந்திருக்கின்றன!

1341இல் பெரியாற்றில் பெருவெள்ளம் வந்தது. கொடுங்கல்லூர்த் துறை மணலால் தூர்ந்தது. கொச்சியில் புதிய துறை திறந்தது. வணிகம் சென்ற வழியே வணிகரும் சென்றனர். 1524இல் நேர்ந்த தாக்குதலாலும், பின்னர்ப் போர்த்துகீசியர் இழைத்த கொடுமையாலும் எஞ்சியோரும் கொடுங்கல்லூரை விட்டகன்றனர். 1492இல் ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்ட யூதருட் சிலரும் பல நாடுகளைச் சுற்றிக் கொச்சியை அடைந்திருந்தனர். கோவாவில் 1560இல் சமய விசாரணை மன்றம் தொடங்கிவிட்ட காலம் அது. கொச்சி மன்னரோ தம் அரண்மனையை ஒட்டியே அவர்களுக்கு நிலம் கொடுத்தார்.

அந்த அரண்மனை வாயிலிலிருந்து நம் நடையைத் தொடங்குவோம். அதன் வளாகத்தில் பகவதி கோயில். அதனை அடுத்துச் சுவருக்கு அப்பால் யூதர் பள்ளி. கோயில் மணியோசையும் எபிரேய வழிபாட்டொலியும் ஒன்றையொன்று கேட்டு வாழ்ந்த இடம். தெருவினுள் திரும்பினால் இருபுறமும் ஓடு வேய்ந்த மாடி வீடுகள். சாளரக் கம்பிகளிற் சிலவற்றில் அறுகோண விண்மீனைக் காணலாம். முன்பு குடியிருப்புகளாய் இருந்த கீழ்த்தளங்களில் இப்போது பழம்பொருள் கடைகளும் நறுமணப் பண்டக் கடைகளும் நிறைந்துள்ளன. 1957இல் தொடங்கிய மிளகு வணிகச் சங்கத்தின் கட்டடமும் இத்தெருவில்தான். அங்கே தரகர்கள் கூவிக் கூவி விலை பேசியதைக் கேட்டிருந்தால், போடிநாயக்கனூர் ஏலக்காய்ச் சந்தையை அறிந்த நமக்கு ஊர் நினைவு வந்திருக்கும். பின்னாளில் கணிப்பொறி வந்து அக்கூவலை அடக்கிவிட்டது.

தெருவின் வடகோடியில் மணிக்கூண்டு தோன்றுகின்றது. 1760இல் எசக்கியேல் ரகாபி அதனைக் கட்டினார். டச்சு வணிகக் கழகத்தின் மிளகு வாணிபத்தை நெடுங்காலம் நடத்திய பெருவணிகர் அவர். கடிகார முகங்களில் உரோம எண், எபிரேய எண், மலையாள எண் ஆகியன தனித்தனியே உள்ளன. அரண்மனையிலிருந்து பார்ப்பவருக்கும், தெருவில் நடப்பவருக்கும் அவரவர் அறிந்த எண்ணிலேயே நேரம் சொல்லவேண்டும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்தது.

மணிக்கூண்டை ஒட்டியது பரதேசிப் பள்ளி. வெளிநாட்டினின்று வந்த யூதர் 1568இல் கட்டியமையால் அப்பெயர். 1662இல் டச்சுக்காரருக்குத் துணை நின்றார்கள் என்று சினந்து போர்த்துகீசியர் இதனை எரித்தனர். மறு ஆண்டு கொச்சி டச்சுக்காரர் கைக்கு வரவே, 1664இல் மீண்டும் எழுந்தது. முற்றத்துச் சுவரில் எபிரேய எழுத்துடன் ஒரு கல் பதித்துள்ளது. கொச்சங்காடியில் 1344ஐ ஒட்டி எழுந்து பின் மறைந்துபோன பழைய பள்ளியின் கல் அது. நம் கோயில்களிற்போலவே காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைகின்றோம். காலடியில் 1762இல் சீனத்துக் காண்டன் நகரிலிருந்து வந்த நீலச் சித்திர ஓடுகள், ஏறத்தாழ 1,100. தலைக்குமேல் பெல்ஜியக் கண்ணாடி விளக்குகள். நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த மேடை. எருசலேம் இருக்கும் மேற்றிசைச் சுவரில் தோராச் சுருள்களை வைத்துள்ள பெட்டகம். உருவம் எதுவும் இல்லை. திருவிதாங்கூர் மன்னர் அளித்த பொன்முடி ஒன்று சுருளுக்கு அணியாகின்றது.

ஓடுகளைப்பற்றி ஒரு கதை வழங்குகின்றது. அவை மன்னருக்கென்று வந்தனவாம். பசுவின் குருதி கலந்தவை என்று சொல்லி யூதர் அவற்றைத் தமக்கு ஆக்கிக்கொண்டனராம். சான்றற்ற கதை. நிலமும் புகலும் தந்த மன்னரை ஏமாற்றினர் என்று சொல்லிச் சிரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சுற்றுலாவினர் பெரும்பாலும் ஓடுகளையும் விளக்குகளையும் கண்டு திரும்பிவிடுவர். நாம் வழிபாட்டுக் கூடத்திற்கு முன்னுள்ள இடைகழியில் சற்றே நிற்போம். இங்கேதான், அடிமைநிலையினின்று விடுவிக்கப்பட்டோரும் அவர் வழிவந்தோரும் தரையில் அமர்த்தப்பட்டனர். அவர்களும் யூதரே, ஆயினும் உள்ளே இருக்கையில்லை, மறைநூல் ஓத அழைப்பில்லை, இறந்தால் மற்றவரோடு ஒரே இடுகாடும் இல்லை. அவர்களினும் வேறாக, பரதேசிகள் வருமுன்பே பன்னூறாண்டு இந்நாட்டில் வாழ்ந்த மலபார் யூதரைக் ‘கறுப்பர்’ என்று கூறித் தம்மை ‘வெள்ளையர்’ என்று கொண்டு, அவர்களோடும் பரதேசிகள் மணவுறவு கொள்ளவில்லை. சேரன் செப்பேடோ பரதேசிகள் வருகைக்கு ஐந்து நூற்றாண்டு முந்தியது. அது இருப்பது பரதேசிப் பள்ளியில். எல்லாச் சாதியாரும் மதத்தாரும் போற்ற வாழ்ந்த சிறுகுடி, நாட்டில் தான் கண்ட சாதி வேற்றுமையைத் தன் வழிபாட்டிடத்திலேயே நட்டு வளர்த்தது.

அதனை எதிர்த்தவர் ஆபிரகாம் பராக் சேலம். 1882இல் அவ்விடைகழிக் குடும்பம் ஒன்றிற் பிறந்தார். சென்னையில் படித்துப் பட்டம் பெற்றார், வழக்கறிஞரானார், கொச்சிச் சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், 1929இல் லாகூர்க் காங்கிரசுக்கும் சென்றார். பள்ளிக்குள் சமவுரிமை வேண்டி அவர் கைக்கொண்ட வழி காந்தியடிகளின் சத்தியாக்கிரகம். வழிபாட்டைப் புறக்கணித்தும், பள்ளிப் படியில் அமர்ந்தும் போராடினார். வைக்கத்தில் கோயில் வீதிகளுக்காக 1924இல் நடந்த போராட்டத்தை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள்; அதே நாட்டில், அதே முறையில், ஒரு யூதர் பள்ளியிலும் போராட்டம் நடந்தது. தடைகள் ஒரே நாளில் விழவில்லை, ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோதும் திருமணம் பம்பாயில்தான் நடந்தது. மக்கள் அவரை ‘யூத காந்தி’ என்றனர். 1967இல் அவர் காலமானார். இத்தெருவிற்கு ஏ. பி. சேலம் சாலை என்ற பெயர்ப்பலகை உண்டு. அதன் கீழே நின்று பெயருக்குரியவர் யார் என்று கேட்பவர் குறைவு.

தென்கோடிக்கு நடந்தால் மலபார் யூதரின் கடவும்பாகம் பள்ளி நின்ற இடம். 1544இல் கட்டியது, பரதேசிப் பள்ளியினும் மூத்தது. வழிபாடு ஒழிந்தபின் கிடங்காயிற்று. உள்ளிருந்த மரவேலைப்பாடு எருசலேமிலுள்ள இஸ்ரேல் அருங்காட்சியகத்திற்குச் சென்றது. வெற்றுச் சுவர்களில் ஒரு பகுதி 2019 மழையில் இடிந்து விழுந்தது. ஒரு கோடியில் மெருகிட்ட பித்தளை, மறுகோடியில் இடிந்த சுவர். இரண்டையும் பார்த்தவரே தெருவைப் பார்த்தவர் ஆவர்.

1948இல் இஸ்ரேல் நாடு தோன்றியபோது கேரளத்தில் யூதர் ஏறத்தாழ 2,500 பேர். 1950களின் நடுப்பகுதிக்குள் பெரும்பாலோர் குடிபெயர்ந்தனர். இங்கே எவரும் அவர்களைத் துரத்தவில்லை. எருசலேமை நோக்கி வேண்டிய வேண்டுதல் பலித்ததாகவே எண்ணிச் சென்றனர். நெவாத்திம் முதலிய சிற்றூர்களில் உழவராயினர். பெண்கள் தங்கள் மலையாளப் பாட்டுக் குறிப்பேடுகளையும் உடன் கொண்டு சென்றனர். 1968இல் பரதேசிப் பள்ளியின் 400ஆம் ஆண்டு விழாவிற்கு இந்திரா காந்தி வந்தார், அஞ்சல்தலையும் வெளியாயிற்று. அதன்பின் தெருவில் வீடு வீடாகக் கதவுகள் சாத்தப்பட்டன. பொது வழிபாட்டிற்குப் பத்து ஆடவர் கூடவேண்டும் என்பது அவர்கள் விதி. இன்று அத்தொகை தெருவிற்குள் திரள்வதில்லை. வெளியூரிலிருந்து வருவோர் சேர்ந்தால்தான் உண்டு.

அருகிலுள்ள சந்தொன்றில் நெகேமியா மோத்தாவின் சமாதி இருக்கின்றது. 1615இல் மறைந்த இந்த ஞானியிடம் இந்து, முஸ்லிம், கிறித்தவர் என்ற வேறுபாடின்றி அக்கம்பக்கத்தார் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொள்வர். அவர் சமயத்தார் போய்விட்டபின்னும் விளக்கேற்றுவோர் போகவில்லை.

நேரம் உள்ளவர்கள் கொச்சியிலிருந்து வடக்கே பெரியாற்றங்கரைச் சேந்தமங்கலத்திற்கும் போய்வரலாம். அங்குள்ள பழைய யூதர் பள்ளியைப் பழுதுபார்த்து அருங்காட்சியகமாக்கியிருக்கின்றார்கள். வாயிலின் முன் ஒரு கல்லறைக் கல் நிற்கின்றது. எபிரேய எழுத்து; ஆண்டு 1269. இஸ்ரவேலின் மகள் சாரா என்பது அதிலுள்ள பெயர்.