ஏழாவதாக வந்த ஸ்ரீராம் சிங்



போன வாரம் நம் பழைய மாணவர் ஒருவர் வாட்ஸாப்பில் ஒரு காணொளி அனுப்பியிருந்தார். 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக், ஆண்கள் 800 மீட்டர் இறுதி ஓட்டம். "சார், முதல் சுற்றில முன்னாடி ஓடுறவர் நம்ம ஊர் ஆளு மாதிரி இருக்காரே, யாரு?" என்று கேட்டிருந்தார். நம் நாட்டுக்காரர்தான் தம்பி. பெயர் ஸ்ரீராம் சிங். ஆனால் இதற்கு ஒரு வரியில் பதில் போட எனக்கு மனம் வரவில்லை. 1976 ஒலிம்பிக்கைப் பற்றி வகுப்பில் பேச்சு வந்தபோதெல்லாம், "ஹாக்கியில் ஏழாவது இடம், பதக்கம் ஒன்றுகூட இல்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவன் நான். இவர் பெயரை ஒரு நாளும் சொன்னதில்லை. அந்தப் பாக்கியை இன்று தீர்க்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ரீராம் சிங் ராஜஸ்தான்காரர், 1948-இல் பிறந்தவர். 1968-இல் ராணுவத்தில், ராஜ்புதானா ரைபிள்ஸ் படைப்பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சியாளர் இலியாஸ் பாபர் கண்ணில் பட்டார். நெடுந்தூர ஓட்டத்தை விட்டுவிட்டு 400, 800 மீட்டருக்கு வரச் சொன்னவர் பாபர்தான். இரண்டே ஆண்டில், 1970 பாங்காக் ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் முதல் கட்டத்தோடு வெளியேறினார். 1974 டெஹ்ரானில் தங்கம். அந்நாளில் நம் வீரர்கள் பயிற்சி செய்ததெல்லாம் பெரும்பாலும் மண் தடத்திலும் கரித்தூள் தடத்திலும்தான் என்பதை இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி மாண்ட்ரியல். தகுதிச் சுற்றிலேயே 1 நிமிடம் 45.86 வினாடியில் ஓடி ஆசிய சாதனை படைத்தார். அரையிறுதியையும் தாண்டி, ஜூலை 25 அன்று இறுதி ஓட்டத்தில் எட்டுப் பேரில் ஒருவராக நின்றார். ஆப்பிரிக்க நாடுகள் அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் கென்யாவின் மைக் பாய்ட் வரவில்லை. அவர் வந்திருந்தால் கதை எப்படிப் போயிருக்குமோ! வந்தவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. கியூபாவின் அல்பெர்டோ ஹுவான்டொரேனா, பெல்ஜியத்தின் ஐவோ வான் டாம், அமெரிக்காவின் ரிக் வோல்ஹூட்டர்.

துப்பாக்கி வெடித்தது. தடங்கள் ஒன்றுசேர்ந்ததும் முன்னால் வந்தவர் ஸ்ரீராம் சிங். முதல் சுற்றை 50.85 வினாடியில் முடித்தார். அவர் தோளை ஒட்டினாற்போல், குதிரை மாதிரி நீண்ட காலடி வைத்து ஹுவான்டொரேனா. இரண்டாம் சுற்றில் கியூபாக்காரர் முந்திக்கொண்டு போய் 1:43.50 என்று உலக சாதனையோடு தங்கம் வாங்கினார். வான் டாம் வெள்ளி, வோல்ஹூட்டர் வெண்கலம். (பாவம், வான் டாம் அந்த டிசம்பரிலேயே 22 வயதில் கார் விபத்தில் போய்விட்டார்.) ஸ்ரீராம் சிங் 1:45.77 நேரத்தில் ஏழாவது.

இதைப் பார்ப்பவர்கள் உடனே, "அவசரப்பட்டுட்டாரே, முதல் சுற்றை மெதுவா ஓடியிருக்கலாமே" என்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டாம் சுற்றுக்கு அவருக்கு ஏறக்குறைய 55 வினாடி ஆகியிருக்கிறது. நான்கு வினாடி கூடுதல். முன்னால் ஓடுபவர் காற்றைத் தானே தள்ளிக்கொண்டு ஓட வேண்டும், பின்னால் வருபவருக்கு அந்தச் சிரமம் குறைவு. ஆகவே அது அவசரம் என்பது ஒரு வகையில் சரிதான்.

ஆனால் இன்னொரு பக்கமும் பாருங்கள். ஹுவான்டொரேனா 400 மீட்டர் ஓட்டக்காரர். நான்கு நாள் கழித்து அதே மைதானத்தில் 44.26 வினாடியில் 400 மீட்டர் தங்கத்தையும் வாங்கினார். ஓட்டம் மெதுவாகப் போய், கடைசி 100 மீட்டரில் யாருக்கு வேகம் என்று வந்தால் அவரை யார் பிடிப்பது? அப்படிப்பட்டவரிடம் மெதுவாக ஓடுவது, தங்கத்தைத் தட்டில் வைத்து நீட்டுவது மாதிரி. ஓட்டத்தை எல்லோருக்கும் கடினமாக்குவதுதான் ஸ்ரீராம் சிங்குக்கு இருந்த ஒரே வழி என்பது என் எண்ணம். அந்த வழி பதக்கம் தரவில்லை. ஆனால் அவர் வாழ்நாளின் சிறந்த நேரத்தைத் தந்தது. ஹுவான்டொரேனாவே பின்னாளில், அந்த இந்தியர் முதல் சுற்றை அவ்வளவு வேகமாக ஓடியதால்தான் தனக்கு உலக சாதனை கிடைத்தது என்று பெருந்தன்மையோடு சொல்லியிருக்கிறார்.

அதன்பிறகு 1978 பாங்காக்கில் மறுபடியும் ஆசியத் தங்கம். 1980-இல் மாஸ்கோவிலும் ஓடினார், இறுதிக்கு வரவில்லை.

அந்த 1:45.77 மட்டும் அப்படியே நின்றது. ஆசிய சாதனையாக 1994 வரை. கொரியாவின் லீ ஜின் இல் அதை முறியடித்தார். இந்திய சாதனையாகவோ 42 ஆண்டுகள்! 2018 ஜூனில் கவுகாத்தியில் கேரளத்தின் ஜின்சன் ஜான்சன் 1:45.65 ஓடி அதைத் தாண்டினார். வித்தியாசம் 0.12 வினாடி. "42 ஆண்டு அசைக்க முடியாத சாதனை" என்று பத்திரிகைகள் பெருமையாக எழுதின. எனக்கு அதில் பாதிதான் பெருமை. இடையில் செயற்கைத் தடங்கள் வந்தன, வெளிநாட்டுப் பயிற்சி வந்தது, நல்ல காலணி வந்தது, சத்துணவு நிபுணர்கள் வந்தார்கள். இத்தனைக்கும் பிறகு 0.12 வினாடி முன்னேற நமக்கு 42 வருடம் ஆனது என்றால், அது யாருக்குக் கௌரவம்?

அதே 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம் மன்ஜீத் சிங் 800 மீட்டர் தங்கம் வென்றார். நேரம் 1:46.15. மாண்ட்ரியலில் ஏழாவதாக வந்தவரின் நேரம் இதைவிடக் குறைவு.

தம்பி, கேட்ட கேள்விக்கு இதுதான் பதில். காணொளியை இன்னொரு முறை போட்டு, முதல் சுற்று முடியும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். பக்கத்தில் பேரப்பிள்ளைகள் யாராவது இருந்தால் முன்னால் ஓடுபவரைக் காட்டி, பெயரையும் சொல்லிவிடுங்கள்.