பெருங்களத்தூரில் பிறந்த ரோவர்: ஸ்டாண்டர்டு 2000-ஐத் தேடி

வேங்கிக்கால்ல இருந்து பேசுறேன், நடுவுல வேலூர் ரோடு பஸ் ஹாரன் கேட்டா கொஞ்சம் பொறுத்துக்கோங்க. இன்னைக்கு ஒரு கார். பேரு ஸ்டாண்டர்டு 2000. சென்னையோட தெற்கு ஓரத்துல, பெருங்களத்தூர்ல தயாரான கார். 1985-ல வந்துச்சு, 1988-லயே ஃபேக்டரி நின்னுபோச்சு.

செஞ்சது ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ். 1948-ல மெட்ராஸ்ல ஆரம்பிச்ச கம்பெனி. அவங்களோட ஹெரால்டு உங்க தாத்தாவுக்குத் தெரிஞ்சிருக்கும். 1972-ல கெஸல் வந்துச்சு, 1977-ல அதுவும் நின்னது. அதுக்கப்புறம் கொஞ்ச வருஷம் கார் பக்கமே போகல. 1983 டிசம்பர்ல மாருதி 800 வந்து எல்லாரும் சின்ன கார் பின்னாடி ஓடினப்போ, இவங்க ஒரு பெரிய காரைக் கையில எடுத்தாங்க: இங்கிலாந்தோட ரோவர் எஸ்டி1.

எஸ்டி1 சாதாரண ஆள் இல்லை. 1976-ல வெளிவந்து, 1977-க்கான 'ஐரோப்பாவின் சிறந்த கார்' விருது வாங்கினது. டிசைன் பண்ணினவர் டேவிட் பேச். முன்பக்கத்தைப் பார்த்தா ஃபெராரி டேடோனா ஞாபகம் வரும். அங்கிருந்துதான் அவருக்கு ஐடியாவே கிடைச்சது. உள்ளே 3.5 லிட்டர் வி8 எஞ்சின்.

நம்ம ஊருக்கு வந்தப்போ உடம்பு அதேதான். குண்டும் குழியுமான ரோட்டுக்காக சஸ்பென்ஷனைக் கொஞ்சம் தூக்கினாங்க. வி8 மட்டும் வரல. அதுக்குப் பதிலா ஸ்டாண்டர்டு வேன்கார்டு காலத்து 2 லிட்டர் எஞ்சின். வேன்கார்டு 1947-ல அறிமுகமான கார்! அந்த எஞ்சின் குடும்பம்தான் ஃபெர்குசன் டிராக்டர்லயும் ஓடுச்சு, டிரயம்ஃப் டிஆர்2 ஸ்போர்ட்ஸ் கார்லயும் ஓடுச்சு. நம்ம பாஷையில சொன்னா, ஃபிரண்ட்எண்ட் 1976, பேக்எண்ட் 1947. விலையும் எக்கச்சக்கம், பெட்ரோலும் நிறைய குடிக்கும். யார் வாங்குவா?

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச பகுதி அதுக்கு அப்புறம் நடந்தது. கம்பெனி மூடியும் வருஷக்கணக்கா குடோன்ல பிரிக்காத எஸ்டி1 பாகங்கள் அப்படியே கிடந்துச்சு. 2006 வாக்குல எல்லாம் ஏலத்துக்குப் போனப்போ, அந்தச் சரக்கை இங்கிலாந்துல பழைய ரோவர் பாகங்கள் விக்கிற ரிம்மர் பிரதர்ஸ் வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஆக, அங்கே ஒருத்தர் பழைய ரோவரைப் புதுப்பிக்கும்போது மாட்டுற கதவு பெருங்களத்தூர் சரக்கா இருக்கலாம். இங்கே ஷெட்ல நிக்கிற ஸ்டாண்டர்டு 2000-க்கு ஒரு விளக்கு வேணும்னா அங்கே ஆர்டர் போடணும். ஃபேக்டரி இருந்த இடத்துல இப்போ ஐடி பார்க். நம்மள்ல சில பேர் தினமும் அங்கேதான் பஞ்ச் பண்றோம்.

சரி, மிச்சம் இருக்கிற வண்டியைக் கண்டுபிடிக்கிறது எப்படி? முதல்ல நம்பர் பிளேட். இன்னைக்கு இருக்கிற மாதிரி டி.என் நம்பர் வந்தது 1989 ஜூலையிலதான். நம்ம திருவண்ணாமலை மாவட்டம் வட ஆற்காட்டுல இருந்து பிரிஞ்சதே அதே வருஷம் செப்டம்பர்லதான். அதனால தமிழ்நாட்டுல பதிவான ஸ்டாண்டர்டு 2000-ல 'டி'ல ஆரம்பிக்கிற மூணெழுத்து பழைய நம்பர் இருக்கணும். டி.என் 25 மாட்டியிருந்தா, அந்த வண்டிக்கு வேற ஏதோ கதை இருக்கு.

அடுத்தது எஞ்சின். சிக்கல் இங்கதான். பெட்ரோல் செலவு தாங்காம பெரிய கார்ல டீசல் எஞ்சினை மாத்துறது அந்தக் காலத்துல சகஜம். அப்படி மாத்தினதாலதான் சில வண்டி எடைக்குப் போகாம தப்பிச்சது. ஆனா 2021-ல மத்திய அரசு கொண்டு வந்த விண்டேஜ் வாகன விதி என்ன சொல்லுது? 50 வருஷம் தாண்டியிருக்கணும். சேஸிஸ், பாடி, எஞ்சின்ல பெருசா மாத்தம் பண்ணியிருக்கக் கூடாது. அப்போதான் 'வி.ஏ' எழுத்து போட்ட தனி நம்பர். கட்டணம் 20,000 ரூபாய். அதாவது உயிரைக் காப்பாத்தின அந்த டீசல் எஞ்சினே அதுக்குத் தடை. என்னைக் கேட்டா, இது அநியாயம். மாத்தின எஞ்சினும் அந்த வண்டியோட வரலாறுதானே?

ஹெரால்டுக்கு வயசு ஆயிடுச்சு, கெஸல்லயும் பழசுக்கெல்லாம் ஆயிடுச்சு. ஸ்டாண்டர்டு 2000-க்கு 2035 வரை காத்திருக்கணும். அதுவரைக்கும் சட்டத்தோட கண்ணுல அது வெறும் பழைய வண்டி. எஃப்சி காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிச்சுக்கிட்டே இருக்கணும். விட்டா இரும்புக் கடை.

உங்க ஊர்ல, பெரியப்பா வீட்டுக் கொட்டாய்ல, தார்ப்பாய்க்குக் கீழே நீளமா, பின்கதவு மேல தூக்கித் திறக்கிற கார் ஏதாவது நிக்குதா? ஆர்.சி.யை எடுத்து சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டியில இருக்கிறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. எஞ்சின் மாத்தியிருந்து, பழைய எஞ்சின் மூலையில கிடந்தா, அதை மட்டும் எடைக்குப் போட்டுடாதீங்க.