ஊவாத் தோட்டங்களில் கிறிஸ்தவ வாழ்வு

இலங்கையின் ஊவா மலைத் தோட்டங்களுக்குக் கிறிஸ்தவம் இரண்டு வழிகளில் வந்து சேர்ந்தது. தோட்டங்களை நடத்திய ஆங்கிலேயத் துரைமாரும் அரசாங்க அதிகாரிகளும் கொண்டுவந்தது ஒன்று. கோப்பித் தோட்டங்களில் வேலைக்கென்று கங்காணிகள் திரட்டி வந்த தமிழ்க் குடும்பங்கள், மூட்டை முடிச்சுகளோடு சுமந்துவந்த விசுவாசம் மற்றொன்று. திருநெல்வேலிச் சீமையில் சீர்திருத்த சபைகளும், திருச்சி, மதுரை, தஞ்சைப் பகுதிகளில் கத்தோலிக்கமும் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தன. ராமேஸ்வரம் கரையிலிருந்து படகேறி, மன்னார்க் காடுகளைக் கால்நடையாகக் கடந்து மாத்தளைக்கும், அங்கிருந்து ஊவா மலைகளுக்கும் நடந்தவர்களில் ஞானஸ்நானம் பெற்றவர்களும் இருந்தார்கள். வழியில் காய்ச்சலுக்கும் பசிக்கும் பலியானவர்களின் எண்ணிக்கையை யாரும் சரியாக எழுதி வைக்கவில்லை.

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம் 1857-இல் எழுந்தது. பதுளையில் அதிகாரியாக இருந்து, 1845-இல் ஹப்புத்தளையில் மின்னல் தாக்கி மாண்ட மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்ட கோயில் அது. ஆங்கிலேய அதிகாரிகளும் துரைமாரும் அங்கே ஆங்கிலத்தில் ஆராதித்தார்கள். தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கோயில் எட்டாத தூரத்தில் இருந்தது. மைல் கணக்கில் மலைப்பாதை நடக்க வேண்டும், தோட்டத்தை விட்டு வெளியே போகக் கங்காணியின் சம்மதம் வேண்டும், மொழியும் புரியாது.

1854-இல் கண்டிப் பகுதியில் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன்தான் தோட்டங்களுக்குள் முறையாக நுழைந்த முதல் முயற்சி. சர்ச் மிஷனரி சங்கத்தோடு சேர்ந்து துரைமாரே அதற்குப் பணம் தந்தார்கள். உபதேசியார்கள் திருநெல்வேலியிலிருந்து வந்தார்கள். கோப்பி பரவிய திசைகளில் இந்தப் பணியும் பரவி ஊவாவை எட்டியது. சம்பளம் தந்தது துரைமார் என்பதால் உபதேசியாரின் நிலை எளிதானதாக இருக்கவில்லை. துரையின் அனுமதியோடு வருபவர் கங்காணியின் கடன் கணக்கைப் பற்றியோ காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பிரட்டுக் களத்து அடியைப் பற்றியோ உரக்கப் பேச முடியாது. இந்தக் கட்டுப்பாடு மிஷன் பணியின் மேல் ஒரு நிழலாகவே கிடந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனாலும் உபதேசியாரின் உழைப்பைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஒரு தோட்டத்திலிருந்து அடுத்த தோட்டத்துக்கு நடந்துபோய், விடியற்காலையில் பிரட்டுக்குக் கூடுகிறவர்களிடம் சில நிமிடங்கள் பேசுவார். வேலை முடிந்த மாலையில் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தின் வாசலில் ஆட்களைச் சேர்த்து ஜெபம் நடத்துவார். நோயாளியைப் பார்ப்பது, ஊருக்குக் கடிதம் எழுதித் தருவது, பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தருவது எல்லாம் அவர் தலையில்தான் விழுந்தன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான லயக் காம்பரா என்ற ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பமே சமைத்து, உறங்கி, பிள்ளை பெற்று வாழ்ந்தது. அதே காம்பராவின் சுவரில் ஒரு சிலுவையோ மாதா படமோ மாட்டி, விளக்கேற்றி, குடும்ப ஜெபம் சொன்னார்கள். குருவானவர் மாதக் கணக்கில் வராத தோட்டங்களில் சபை என்பது இந்தக் குடும்ப ஜெபமும் உபதேசியாரின் வருகையும் மட்டுமே. ஊவாவில் விசுவாசத்தைத் தலைமுறை கடந்து காத்தவர்கள் இந்தப் பெயர் தெரியாத உபதேசியார்களும், பகலில் கொழுந்தெடுத்து இரவில் பிள்ளைகளுக்கு ஜெபம் கற்பித்த தாய்மார்களும்தான்.

தமிழ்க் கூலி மிஷனை யார் நடத்துவது என்பதில் 1876-இல் பெரும் தகராறு எழுந்தது. முப்பது வயதிலேயே கொழும்பின் ஆங்கிலிக்கன் பேராயரான ரெஜினால்ட் கோப்ல்ஸ்டன், தோட்டப் பகுதிகளின் தமிழ்ப் பணி அந்தந்த ஆங்கிலக் குருமாரின் கீழ் வர வேண்டும் என்றார். சர்ச் மிஷனரி சங்கம் மறுத்தது. பேராயர் சங்கத்து மிஷனரிகளின் உரிமங்களைத் திரும்பப் பெற்றார். இங்கிலாந்தின் பேராயர்கள் தலையிட்டு 1880-இல்தான் சமாதானம் ஆயிற்று. தொழிலாளரின் ஆன்ம நலனைப் பற்றி நடந்த இந்த நீண்ட தகராறில் தொழிலாளரின் குரல் எங்கும் கேட்கப்படவில்லை.

அதே காலத்தில் இலை நோய் கோப்பியை அழித்தது. தேயிலை வந்தது. கோப்பிக்கு அறுவடைக் காலத்து ஆட்கள் போதும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பங்கள் நிலைத்தன, நிலைத்த குடும்பங்களோடு சபைகளும் நிலைத்தன. கத்தோலிக்கரின் பொறுப்பு கண்டி மறைமாவட்டத்தின் சில்வெஸ்திரின் பெனடிக்ட் துறவிகளிடம் இருந்தது. அந்தோனியார், செபஸ்தியார், வேளாங்கண்ணி மாதா சுரூபங்களோடு தோட்டங்களில் சிறு கோயில்கள் எழுந்தன. கொடியேற்றம், நவநாள், சுரூபப் பவனி என்று நடந்த திருவிழாக்களில் இந்துக் குடும்பங்களும் பங்கெடுத்தன. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றில் ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணம் ஏறும். கிறிஸ்து பிறப்பு விழாவோ வடகீழ்ப் பருவ மழையில் வரும். வழிபாட்டு நாட்காட்டியைத் தோட்டத்தார் இந்தக் காற்றோடும் மழையோடும் சம்பள நாளோடும் சேர்த்தே வாழ்ந்தார்கள். மெதடிஸ்ட் சபையினர் 1880-களின் பிற்பகுதியில் சாமுவேல் லாங்டன் தலைமையில் ஊவாவுக்கு வந்தார்கள். அவர்களின் கவனம் பெரிதும் சிங்களக் கிராமங்களின் மேல் இருந்தது.

தொழிலாளரைக் கங்காணி சாதி பார்த்தே லயங்களில் குடியேற்றினார். கிறிஸ்தவர்களும் அந்த ஏற்பாட்டுக்கு வெளியே நிற்கவில்லை. ஒரே பாத்திரத்தில் திருவிருந்து பெற்றவர்கள் கல்யாணப் பந்தியில் பிரிந்து உட்கார்ந்தது சபைகளின் பழைய காயம்.

1920-ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் தோட்டங்களில் பள்ளி நடத்தும் கடமையைத் துரைமாருக்கு விதித்தது. பல இடங்களில் அதற்கு முன்பே மிஷன்காரர்கள் எழுத்தறிவித்திருந்தார்கள். 1948-இன் குடியுரிமைச் சட்டம் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது. இலங்கையில் பிறந்த தோட்டத் தமிழர்களும் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தப்படி இவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டியிருந்தது. சபைக் குடும்பங்கள் இரண்டாகப் பிரிந்தன. நீலகிரிக்கும் அதன் கூடலூர்ப் பகுதிக்கும் போனவர்கள் அங்கேயும் தேயிலைக்கு நடுவிலேயே புதிதாக ஜெபக் கூட்டங்களைத் தொடங்க வேண்டியிருந்தது.

1972-இல் கண்டியிலிருந்து பிரித்துப் பதுளை மறைமாவட்டம் உருவாக்கப்பட்டது. கண்டி ஆயராக இருந்த லியோ நாணயக்கார, வசதியான பழைய ஆசனத்தை விட்டு இந்தச் சிறிய, ஏழை மறைமாவட்டத்துக்கு வந்தார். கட்டடங்களைப் பெருக்குவதை விட, மக்கள் சிறு குழுக்களாகக் கூடி வேதத்தையும் தங்கள் வாழ்வையும் ஒன்றாக வாசிப்பதில் அவர் அக்கறை காட்டினார். பண்டாரவளையில் அவர் தொடங்கிய ‘சேவக செவண’ குருத்துவப் பயிற்சி இல்லம், ஏழைகளோடு வாழக் கற்ற குருக்களை உருவாக்க முயன்றது. துரைமாரின் பணத்தில் தொடங்கிய பணிக்கும் இதற்கும் இடையில் நூறாண்டுக்கும் மேற்பட்ட தூரம் இருந்தது. அந்தப் பயிற்சி இல்லத்தில் பொறுப்பு வகித்த மைக்கேல் ரொட்ரிகோ அடிகள், 1980-இல் மொனராகலை மாவட்டத்தில் புத்தளைக்கு அருகே அலுகலவித்த கிராமத்தில் பௌத்த விவசாயிகளின் நடுவில் குடியேறினார். 1987 நவம்பர் 10 அன்று, திருப்பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த கலவரத்தில் பதுளை நகரின் தமிழர் கடைகள் எரிக்கப்பட்டன. அந்த ஆண்டுகளிலும் அதன் பிறகும் பெந்தெகொஸ்தே குழுக்கள் தோட்டங்களில் பரவின. அவற்றின் உபவாச ஜெபங்களும் இரவு ஆராதனைகளும் லயக் காம்பராக்களிலேயே நடந்தன. இன்று இளையோர் பலர் வேலைக்காகக் கொழும்புக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போகிறார்கள். திருவிழாவுக்கும் கிறிஸ்து பிறப்புக்கும் வீடு திரும்பும்போதுதான் பல தோட்டச் சபைகள் நிரம்புகின்றன.