முதல் பைக்கை யார் தேர்ந்தெடுத்தாங்க?

நம்ம நிகழ்ச்சி கேக்குற பலருக்கு இப்பதான் பதினெட்டு முடிஞ்சிருக்கும். லைசென்ஸும் கையில வந்திருக்கும். அடுத்த கேள்வி, "முதல் பைக் எது வாங்கலாம்?" நான் மெக்கானிக் இல்ல, பைக் ரிவ்யூ பண்ற ஆளும் இல்ல. வரலாறுதான் என் ஏரியா. அதனால இதே கேள்வியைக் கொஞ்சம் பின்னாடி தள்ளிப் பாக்கிறேன். நம்ம அப்பா, தாத்தா காலத்துல முதல் பைக்கை யார் தேர்ந்தெடுத்தாங்க?

பெரும்பாலும் அவங்க இல்ல. இதுதான் இன்னைக்குக் கதை.

1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டோட கைகோர்த்து, சென்னையில புல்லட் 350 வண்டிகளைப் பூட்ட ஆரம்பிச்சது. ராணுவம் ஆர்டர் கொடுத்த வண்டி அது. 160 கிலோவுக்கு மேல எடை. கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புதுசா ஓட்டக் கத்துக்கிற பையனை மனசுல வச்சு யாரும் அதைச் செய்யல.

1960-கள்ல மைசூரிலிருந்து ஜாவா வந்தது, எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோட ராஜ்தூத் வந்தது. கிட்டத்தட்ட அவ்வளவுதான் கடை. எந்தக் கம்பெனி எத்தனை வண்டி தயாரிக்கலாம்னு அரசு அனுமதி கொடுக்கிற காலம். லைசென்ஸ் ராஜ்னு சொல்வாங்களே, அது. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பணம் கட்டிட்டு வருஷக்கணக்குல காத்திருந்த குடும்பங்கள் உண்டு. அந்த நிலைமையில "எனக்கு எது பொருந்தும்?"னு யோசிக்க இடமே இல்ல. எது கிடைக்குதோ அதுதான் பொருந்தும்.

அப்புறம் மொபெட் வந்தது. 1972-ல் புனேயிலிருந்து லூனா. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50. ரெண்டு பேர் உக்காந்து போற 50 சிசி வண்டி. பால் கேன், நெல் மூட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைங்க, எல்லாத்தையும் சுமந்தது. தமிழ்நாட்டுல எத்தனையோ பேர் முதல்முதலா ஆக்ஸிலரேட்டர் முறுக்கினது அதுலதான்.

1980-கள்ல கதை வேகமெடுக்குது. ஜப்பான் கம்பெனிகளோட கூட்டு வச்சுக்க அரசு வழி விட்டுச்சு. 1983-ல் ராஜ்தூத் 350 வந்தது. யமஹாவோட ஆர்டி 350-தான் இந்திய உடுப்புல வந்திருந்தது. சுமார் 30 குதிரைத்திறன். அன்னைக்கு இந்தியச் சாலைக்கு அது ராக்கெட். அடுத்த வருஷம் இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100. 1985-ல் ஹீரோ ஹோண்டா சிடி 100, யமஹா ஆர்எக்ஸ் 100.

யார் ஜெயிச்சாங்க? ராக்கெட் தோத்துப் போச்சு. விலை அதிகம், பெட்ரோலைக் குடிச்சது, பார்ட்ஸ் கிடைக்கிறதும் கஷ்டம். சுமார் 7 குதிரைத்திறன் இருந்த சிடி 100 மைலேஜை வச்சே வீட்டுக்கு வீடு நுழைஞ்சது. இன்னைக்கும் பசங்க தேடித் திரியுற ஆர்எக்ஸ் 100-க்கே 11 குதிரைத்திறன்தான், எடை நூறு கிலோவைச் சுத்திதான்.

இங்கதான் எனக்கு ஒரு விஷயம் தோணுது. சின்ன, லேசான வண்டியில ஒரு தலைமுறையே ஓட்டக் கத்துக்கிச்சு. பாதுகாப்புக்காக யாரும் அப்படித் திட்டம் போடல. பாக்கெட்ல காசு இல்ல, கடையில பெரிய வண்டி இல்ல. பற்றாக்குறையே ஒரு வேகத்தடையா இருந்தது. அதுக்காக அது பொற்காலம்னு சொல்ல வரல. டிரம் பிரேக், தலையில ஹெல்மெட் இல்ல, ஒரே வண்டியில நாலு பேர். எத்தனையோ வீட்டுல அதுக்கு விலை கொடுத்திருக்காங்க. ஆனா கைக்கு அடங்காத இன்ஜின்ங்கிற பிரச்சினை மட்டும் பெரும்பாலானவங்களுக்கு வரல.

வேற சில நாடுகள்ல இந்த வேலையைச் சட்டம் செஞ்சது. பிரிட்டன்ல 1961 முதல், பழகுறவங்க 250 சிசிக்கு மேல ஓட்டக் கூடாது. 1970-கள்ல அந்த 250 சிசி வண்டிகளே பயங்கர வேகமாயிடுச்சு. 1983-ல் அந்த எல்லையை 125 சிசி, 12 குதிரைத்திறன்னு இறக்கினாங்க. வண்டி மாற மாறச் சட்டமும் மாறுச்சு. ஜப்பான்ல 1975-ல் 400 சிசியில கோடு போட்டாங்க. அதுக்கு மேல ஓட்டணும்னா தனித் தேர்வு, ரொம்பக் கஷ்டமான தேர்வு. சிங்கப்பூர்ல இருக்கிற உங்க சொந்தக்காரங்களைக் கேட்டுப் பாருங்க: முதல்ல 200 சிசி வரைக்கும், ஒரு வருஷம் கழிச்சு 400 வரைக்கும், இன்னொரு வருஷம் கழிச்சுத்தான் அதுக்கு மேல. ஒவ்வொரு படிக்கும் தனி டெஸ்ட்.

நம்ம ஊர்ல? 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல ரெண்டே பிரிவு: கியர் இல்லாதது, கியர் உள்ளது. 100 சிசி ஆண்ட அந்தக் காலத்துக்கு அது போதும். ஆனா 1991-ல் பொருளாதாரம் திறந்தது. 1999-ல் சிபிஇசட், 2001-ல் பல்சர், 2013-ல் டியூக் 390. அந்த டியூக்கோட பவர் 43 குதிரைத்திறன், ஆர்எக்ஸ் 100 மாதிரி கிட்டத்தட்ட நாலு மடங்கு. பணம் இல்லன்னா இஎம்ஐ இருக்கு. பற்றாக்குறை போட்ட வேகத்தடை போயிடுச்சு. அந்த இடத்துல சட்டம் எதையும் வைக்கல.

ஆர்டிஓ ஆபீஸ்ல எட்டு போட்டுக் காட்டுறோம் இல்லையா? மெதுவா போகும்போது பேலன்ஸ் இருக்கான்னு அது சொல்லும். மழையில நனைஞ்ச ரோட்டுல, எண்பதுல போகும்போது நாய் குறுக்க வந்தா பிரேக்கை எப்படிப் பிடிப்பீங்கன்னு சொல்லாது. ஆனா 100 சிசி வண்டியில எட்டு போட்டு வாங்கின அதே அட்டையில 650 சிசியும் ஓட்டலாம்.

அதனால என் பதில் இதுதான்: சிங்கப்பூர்ல சட்டம் போடுற படியை, இங்க நீங்களே போட்டுக்கணும். ரெண்டு காலும் தரையில பதியுற உயரம். சாய்ஞ்சா நீங்களே நிமித்த முடியுற எடை. முதல் ஒண்ணு ரெண்டு வருஷத்துக்கு 100-லிருந்து 160 சிசிக்குள்ள ஒண்ணு போதும். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேல உள்ள புது வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். அதுக்குக் கீழ முன்னாடி பின்னாடி சேர்ந்து பிடிக்கிற சிபிஎஸ் இருந்தாலே போதும்னு அப்போ விதி வந்தது. செகண்ட் ஹேண்ட் வாங்குறவங்க வண்டி எந்த வருஷம்னு பாக்கிறதுக்கு இதுவும் ஒரு காரணம். மிச்சமாகுற காசுல ஐஎஸ்ஐ முத்திரை உள்ள நல்ல ஹெல்மெட், கையுறை, ஷூ வாங்குங்க.

"சின்ன வண்டியா?"ன்னு ஃப்ரெண்ட்ஸ் ஓட்டுவாங்க. ஓட்டட்டும். 390 எங்கயும் ஓடிப் போகாது. ரெண்டு வருஷம் கழிச்சும் ஷோரூம்ல இருக்கும். அன்னைக்கு அதை வாங்க நீங்க முழுசா போய் நிக்கணும், அவ்வளவுதான். அடுத்த எபிசோட்ல பாப்போம்.