அட்டாளையிலிருந்து பார்த்த இண்டியானா ஜோன்ஸ்

ஆண்டு 1935. இலங்கைக் காட்டுக்குள் கொடிகள் மூடிக் கிடக்கும் ஒரு கோயிலுக்குள் தொப்பியும் சாட்டையுமாக ஒருவர் இறங்குகிறார். உள்ளே கூரு வத்து என்னும் சிலை இருக்கிறது. அதைப் பறிக்கக் காத்திருக்கிறான் அல்பிரெக்ட் வொன் பெக் என்னும் நாசி; வழிமறிக்க யானைத்தந்த வேட்டைக்காரரும் உண்டு. கோயிலுக்குள் ஒரு பெரிய வெள்ளை முதலையும் உண்டு. முதலையின் வாயில் வொன் பெக் அகப்பட, இண்டியானா ஜோன்ஸ் சிலையோடு தப்புகிறார். லூகாஸ்ஆர்ட்ஸ் நிறுவனம் 2003இல் வெளியிட்ட ‘இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த எம்பரர்ஸ் டூம்’ என்ற வீடியோ கேம் இப்படித்தான் தொடங்குகிறது. அதன்பின் கதை பிராக், இஸ்தான்புல், ஹொங்கொங் என்று ஓடிச் சீனாவின் முதற்பேரரசருடைய கல்லறையில் போய் நிற்கும். இலங்கை அதற்கு வாசற்படி.

விமர்சகர்கள் இந்த விளையாட்டை ஓரளவு நன்றாகவே வரவேற்றார்கள். கைகலப்புச் சண்டை பிடித்திருந்தது. சாட்டையைப் பயன்படுத்தும் விதமும், படத்தின் சாயலை விட்டு விலகாத இசையும் பாராட்டுப் பெற்றன. கெமரா திரும்பும் விதமும் ஆங்காங்கே தென்பட்ட தொழில்நுட்பக் கோளாறுகளும் குறையாகச் சொல்லப்பட்டன. எக்ஸ்பொக்ஸ், கணினிப் பதிப்புகள் நல்ல மதிப்பெண் வாங்கின. சில மாதம் பிந்தி வந்த பிளேஸ்டேசன் 2 பதிப்புக்குக் கலவையான வரவேற்பே கிடைத்தது.

சண்டை, கெமரா, இசை, கோளாறு என்ற இந்த அளவுகோல் ஒரே நாளில் உருவானதல்ல. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. அந்த வரலாறும் இதே இண்டியானா ஜோன்ஸோடுதான் ஆரம்பிக்கிறது.

1982இல் அட்டாரி நிறுவனத்துக்காக ஹவார்ட் ஸ்கொட் வோர்ஷா ‘ரெய்டர்ஸ் ஒஃப் த லொஸ்ட் ஆர்க்’ படத்தை விளையாட்டாக்கினார். திரைப்படத்திலிருந்து பிறந்த முதல் விளையாட்டுகளில் அதுவும் ஒன்று. அதை விளையாட இரண்டு ஜோய்ஸ்டிக் வேண்டும். ஒன்று ஆளை நடத்த, மற்றது பையிலுள்ள பொருளைத் தெரிவுசெய்ய. அதே வோர்ஷாவிடம்தான் ஸ்பீல்பேர்க்கின் ‘ஈ.டி.’ படமும் கொடுக்கப்பட்டது. நத்தார் விற்பனையைப் பிடிக்க வேண்டுமென்று ஐந்தே வாரத்தில் முடிக்கச் சொன்னார்கள். பால் பருவத்திலேயே வெட்டிய வெள்ளாமையாகத்தான் அது வந்தது. குழிக்குள் விழுந்து விழுந்து எழும்பியே பிள்ளைகள் களைத்துப்போனார்கள். விற்காத பெட்டிகள் 1983இல் நியூ மெக்சிக்கோ மாநிலத்தின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைக்கப்பட்டன. 2014 ஏப்ரலில் தோண்டியபோது அவை உண்மையிலேயே வெளியே வந்தன. படத்தை வைத்துச் செய்த விளையாட்டென்றால் நம்பக்கூடாது என்ற சந்தேகம் விமர்சகர்கள் மனத்தில் வேரூன்றியதற்கு ‘ஈ.டி.’ பெரிய காரணம்.

அந்தச் சந்தேகத்தைத் தணித்தவர்கள், இண்டியானா ஜோன்ஸ் படங்களை உருவாக்கிய லூகாஸின் சொந்த விளையாட்டுப் பிரிவினர். 1989இல் ரொன் கில்பேர்ட், டேவிட் ஃபொக்ஸ், நோவா ஃபோல்ஸ்டீன் மூவரும் ‘லாஸ்ட் குருசேட்’ படத்தைப் புதிர் அவிழ்க்கும் விளையாட்டாக்கினார்கள். 1992இல் ஹால் பார்வூட் ஃபோல்ஸ்டீனுடன் சேர்ந்து ‘ஃபேட் ஒஃப் அட்லாண்டிஸ்’ செய்தார். அதற்குப் படமே கிடையாது; கதை முழுவதும் புதிது. துணையோடு போவதா, மூளையை நம்புவதா, கைப்பலத்தை நம்புவதா என்று மூன்று வழிகள் அதில் இருந்தன. இன்றும் பலர் அதைப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தே பேசுகிறார்கள். படத்தின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டால் போதாது, விளையாட்டாகவும் அது நிற்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு விமர்சனத்துக்குள் ஊறியது இப்படித்தான்.

2003இன் விமர்சகர்கள் அந்தக் கண்ணோடுதான் ‘எம்பரர்ஸ் டூம்’ விளையாட்டைப் பார்த்தார்கள். அவர்கள் பார்த்தது சரிதான். ஆனால் மதிப்பெண் அட்டவணையில் படவடிவத்துக்கு ஒரு கட்டமும், ஒலிக்கு ஒரு கட்டமும், இயக்கத்துக்கு ஒரு கட்டமும் இருந்தன. இடத்துக்கென்று ஒரு கட்டம் இருக்கவில்லை.

இடம் மாறிப்போவது இந்தத் தொடருக்குப் புதிதுமல்ல. 1983 ஏப்ரலில் ‘டெம்பிள் ஒஃப் டூம்’ படப்பிடிப்பு கண்டியில் தொடங்கியது. கதை இந்தியாவில் நடப்பது. இந்திய அரசு திரைக்கதையில் மாற்றம் கேட்டதால் குழு இலங்கைக்கு வந்தது. கயிற்றுப் பாலம், விக்டோரியா அணை வேலை நடந்த இடத்துக்குப் பக்கத்தில் கட்டப்பட்டது. இந்தியக் கிராமத்துப் பூசாரியாக நடித்தவர் சிங்கள நடிகர் டி. ஆர். நாணயக்கார, அந்தக் கிராமத்து மக்கள் பேசுவதும் சிங்களம். அன்று இலங்கை மண் திரையில் இந்தியாவாயிற்று. இருபது வருடம் கழித்து, எங்கோ வரையப்பட்ட ஒரு காடு இலங்கையாயிற்று.

அந்தக் காட்டில் முதலில் இடறுவது தந்த வேட்டைக்காரன்தான். இலங்கையின் ஆண் யானைகளில் தந்தம் உள்ளவை நூற்றுக்குப் பத்தும் தேறாது. தந்தம் உள்ளதைக் கொம்பன் என்றும் இல்லாததை அலியன் என்றும் இங்கே பிரித்துச் சொல்வது அதனால்தான். கண்ணில் படுபவை பெரும்பாலும் அலியன்களே. தந்தத்தை நம்பி ஒருவன் இலங்கைக் காட்டுக்கு வந்தால் வெறுங்கையோடுதான் திரும்புவான். பிரித்தானியர் காலத்தில் யானைகள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டது மெய். மேஜர் ரோஜர்ஸ் என்ற ஓர் அதிகாரி மட்டும் 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகப் பதிவு உண்டு. ஆனால் அந்தத் துப்பாக்கிகளுக்குப் பின்னால் இருந்தவை விளையாட்டு வெறியும், பயிரை அழிக்கும் மிருகம் என்று அரசு கொடுத்த சன்மானமும். விளையாட்டின் தந்த வேட்டைக்காரன் ஆபிரிக்கக் கதைகளிலிருந்து தடம் மாறி இங்கே வந்தவன்.

சிலையின் கதையும் அப்படியே. 1935இல் இலங்கை, கேட்பாரற்ற சிலைகள் கிடக்கும் தீவல்ல. தொல்பொருள் திணைக்களம் 1890இலேயே அமைந்துவிட்டது. இடிபாடுகள் அளக்கப்பட்டு, படம் பிடிக்கப்பட்டு, அறிக்கைகளாக அச்சாகிக்கொண்டிருந்தன. சிலையோடு ஓடிவரும் வெளிநாட்டுப் பேராசிரியருக்கு முதலையைவிடத் திணைக்களமே பெரிய தடையாக இருந்திருக்கும்.

அட்டாளைச்சேனையிலிருந்து பார்ப்பவருக்கு இந்தப் பிழைகள் உடனே கண்ணில் படும். கிழக்கிலங்கையில், கல்முனையிலிருந்து தெற்கே போகும் கரையோர வீதியில், அக்கரைப்பற்றுக்குச் சற்று முன்னால் வரும் ஊர் இது. கிழக்கே கடல், மேற்கே வயல்வட்டைகள், அவற்றுக்கும் அப்பால் காடு. கிறிஸ்துவுக்கு முந்திய காலத்ததாகச் சொல்லப்படும் தீகவாபித் தாதுகோபம் இதே பிரதேச செயலாளர் பிரிவுக்குள் நிற்கிறது. பழைய கட்டடமும், யானையும், முதலையும் இங்கே பக்கத்துச் சங்கதிகள். யாரும் கண்டுபிடிக்க வேண்டியவையல்ல.

ஊரின் பெயரே அதைச் சொல்லும். அட்டாளை என்றால் உயரத்தில் கட்டிய காவற்பரண். சேனை என்றால் காடு வெட்டி எரித்துச் செய்யும் பயிர். மிருகங்களிடமிருந்து பயிரைக் காக்க ஒருவர் இரவெல்லாம் விழித்திருந்த இடம் என்பது அந்தப் பெயருக்குள் இருக்கிறது. ‘எம்பரர்ஸ் டூம்’ விளையாட்டின் இலங்கையில் இல்லாதவர் அந்தக் காவற்காரர்தான். அதில் காடு உண்டு, பகைவர் உண்டு, புதையல் உண்டு. காட்டின் ஓரத்தில் பயிர் செய்து பிழைக்கும் ஒரு குடும்பம் இல்லை.

2024 டிசம்பரில் மெஷின்கேம்ஸ் நிறுவனத்தின் ‘இண்டியானா ஜோன்ஸ் அன்ட் த கிரேட் சேர்க்கிள்’ வந்தபோது விமர்சனத்தின் போக்கும் சற்று மாறியிருந்தது. 1937இன் வத்திக்கான், கீசா, சுகோதை ஆகியவற்றில் அவசரமில்லாமல் அலைந்து, படம் எடுத்து, குறிப்பு வாசித்துத் திரியலாம் என்பதைப் பலர் முதற்சிறப்பாக எழுதினார்கள். இடத்துக்கும் மதிப்பெண் உண்டு என்ற நிலை வந்திருக்கிறது. அந்த மதிப்பெண்ணைப் போட உரிமையுள்ளவர்களில் கீசாவில் வாழ்பவரும் சுகோதையில் வாழ்பவரும் அடக்கம். 1935இன் இலங்கைக் காட்டுக்கு அந்தக் கணக்கு இன்னும் பாக்கி. அதை எழுதக்கூடியவர், அறுவடைக் காலத்தில் யானை வெடியும் டோர்ச் லைட்டுமாக வட்டைப் பரணில் இரவு கழித்த ஓர் இளைஞராகவோ, அவருக்குச் சோறு கட்டிக் கொடுத்தனுப்பிய வீட்டில் கேம் விளையாடி வளர்ந்த ஒரு பிள்ளையாகவோ இருக்கலாம்.