தில்லியின் இருமொழி விடுகதைகள்

அரசவையிலும் ஆவணங்களிலும் பாரசீகமும், கடைத்தெருவிலும் வீட்டிலும் ஹிந்தவியும் வழங்கிய இடைக்காலத் தில்லியில், இரு மொழிகளிலும் ஒரே வடிவில் நின்று வெவ்வேறு பொருள் தரும் சொற்களைக் கொண்டே ஒரு விடுகதை வகை வளர்ந்தது. ஹிந்தவி என்பது இன்றைய இந்திக்கும் உருதுவுக்கும் முன்வடிவமாக அந்நகரைச் சுற்றி வழங்கிய பேச்சுமொழி. அந்த விடுகதைக்கு 'தோ ஸுக்னே', அதாவது இரு கூற்று, என்று பெயர். முதற்கேள்வி பாரசீகத்திலும் அடுத்த கேள்வி ஹிந்தவியிலும் அமைய, இரண்டுக்கும் ஒரே சொல் விடையாக வரும். கேட்பவருக்கு இரு மொழியும் தெரிந்தாலன்றி விடை பிடிபடாது.

இவற்றில் பெயர்பெற்ற ஒன்று, வணிகனுக்குத் தேவையானது எது என்று பாரசீகத்திலும், காதறுந்தவனுக்குத் தேவையானது எது என்று ஹிந்தவியிலும் கேட்கிறது. 'துகான்' என்று சேர்த்துச் சொன்னால் பாரசீகத்தில் கடை. 'தோ கான்' என்று பிரித்தால் ஹிந்தவியில் இரண்டு காது. குறில் உயிர்களைப் பெரும்பாலும் எழுதாமல் விடுவதும் சொற்களுக்கிடையே இடம் விடுவதில் கண்டிப்பில்லாததுமான பாரசீக எழுத்துமுறை, காதில் சற்றே வேறுபட்டு ஒலிப்பவற்றையும் தாளில் ஒன்றாகக் காட்டிவிடுவதால், இந்த விளையாட்டுக்கு அது பெருந்துணையாக இருந்தது. இன்னொரு விடுகதையின் விடை 'சாஹ்': தாகமுற்றவனுக்கு அது பாரசீகத்தில் கிணறு, கூடி வாழ்வதற்கு அது ஹிந்தவியில் விருப்பம். மூன்றாவது ஒன்றின் விடை 'பாதாம்': வேட்டையாடுவது எதனால் என்ற பாரசீகக் கேள்விக்கு அது 'பா தாம்', அதாவது வலையால், என்று பிரிகிறது, மூளைக்கு வலுத் தருவது எது என்ற ஹிந்தவிக் கேள்விக்குத் தமிழரும் அறிந்த பாதாம் பருப்பாக நிற்கிறது.

தமிழ்ச் சிலேடை ஒரே மொழிக்குள் சொல்லைப் பிரித்தும் சேர்த்தும் இரு பொருள் காட்டுவது. தில்லியின் விடுகதை அதே வித்தையை இரு மொழிகளின் எல்லையில் நின்று செய்கிறது. சிலேடைப் புலவர் காளமேகத்தின் வாசகர் இந்த வகையை எளிதில் இனங்கண்டுகொள்வர்.

இவற்றையெல்லாம் மரபு அமீர் குஸ்ரோவின் பெயரில் வழங்குகிறது. 1253இல் பிறந்து, தில்லி சுல்தான்கள் பலரின் அவையில் பாரசீகக் கவிஞராக விளங்கி, 1325இல் மறைந்து, தம் குருவான நிஜாமுத்தீன் அவுலியாவின் அடக்கத்தலத்தருகே அடக்கம் செய்யப்பட்டவர் அவர். தாம் ஹிந்தவியிலும் சிலவற்றைப் பாடி நண்பர்களுக்கு வழங்கியதாக அவரே ஒரு முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஆயினும் விடுகதைகள் வாய்மொழியாகவே பரவி மிகப் பிந்திய ஏடுகளில் எழுத்துருப் பெற்றவை. அவற்றின் மொழியும் வழிவழியாகத் திருந்தி வந்திருக்கிறது. எனவே எது அவருடையது என்று அறுதியிடுவதைக் காட்டிலும், இரு மொழியும் நாவில் புரண்ட ஒரு நகரத்தின் பொதுச் சொத்தாக அவற்றைக் கொள்வதே பொருத்தம். 1318இல் இயற்றிய 'நுஹ் ஸிபிஹ்ர்' என்னும் நூலில் குஸ்ரோ இந்திய மொழிகளைப் பட்டியலிடும்போது, தமிழகக் கடற்கரைப் பகுதிக்கு அராபியர் இட்ட மஃபர் என்ற பெயரை ஒட்டி 'மஃபரி' என்ற மொழியையும் சேர்க்கிறார். இப்பெயரில் தமிழைப் பற்றிய செய்தி தில்லியை எட்டியிருந்தது. தமிழ்ச் சொல்லை வைத்து விடுகதை போட, கேட்டுச் சிரிக்கும் கூட்டம் மட்டும் அன்று அங்கே இல்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் இருபொருள் விளையாட்டின் மீதான ஈடுபாடு ஏட்டுக் கவிதையிலும் ஏறியது. 1720ஆம் ஆண்டளவில் தக்காணக் கவிஞர் வலியின் பாடல் தொகுப்பு தில்லிக்கு வந்தபின், ஆப்ரூ, நாஜி, ஹாதிம் முதலியோர் 'ஈஹாம்' என்ற இரட்டுற மொழிதலைத் தம் உருதுக் கவிதையின் உயிராகவே கொண்டனர். ஒரு தலைமுறைக்குள் அது சலித்துப்போக, ஹாதிமே தம் பழைய பாடல்களைக் களைந்து புதுத் தொகுப்பு அமைத்தார். அந்தக் கவிஞர்களுக்கு ஆசானாக விளங்கிய சிராஜுத்தீன் அலி கான் ஆர்ஸூதான் விளையாட்டை ஆராய்ச்சியாக்கியவர். 1756இல் மறைந்த அவர், 'முஸ்மிர்' என்னும் பாரசீக மொழியியல் நூலில், பாரசீகத்துக்கும் இந்திய மொழிக்கும் இடையே சொற்கள் ஒத்துவருவதை 'தவாஃபுக்' என்று பெயரிட்டு ஆராய்ந்ததோடு, தமக்கு முன் எவரும் இதைக் கவனிக்கவில்லை என்றும் உரிமை கொண்டாடினார். இரு மொழியும் ஒரு மூலத்திலிருந்து பிரிந்தவை என்ற முடிவுக்கு அவர் வந்துவிடவில்லை. சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் மூன்றுக்கும் பொது மூலம் இருக்கவேண்டும் என்று வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் உரையாற்றியது 1786இல்தான். எனினும் ஒப்புமையைக் கண்டு வியப்பதோடு நில்லாமல் அதற்குக் காரணம் தேட முற்பட்ட பெருமை தில்லியின் இந்தப் பேரறிஞருக்கு உரியது. அது இன்னும் உரிய அளவில் பேசப்படவில்லை.

சொற்கள் ஏன் ஒத்துவருகின்றன என்ற கேள்வியோடு மீண்டும் விடுகதைகளைப் பார்த்தால் அவை வேறு முகம் காட்டுகின்றன. 'துகான்' பாரசீகம் அரபியிலிருந்து பெற்ற சொல்; 'கான்' வடமொழிக் கர்ணத்தின் வழிவந்தது; எனவே கடையும் காதும் ஒத்தது முழுத் தற்செயல். பாதாம், பாரசீகத்திலிருந்து ஹிந்தவி வாங்கிக்கொண்ட கடன். 'தோ' என்ற எண்ணுப்பெயரோ, இரண்டு என்ற அதே பொருளில் பாரசீகத்திலும் இருப்பது. அது உறவின் அடையாளம்.

தற்செயல், கடன், உறவு என்ற இந்தப் பிரிப்பு தமிழுக்குப் பெரிதும் தேவைப்பட்டது. 1816இல் சென்னையில் ஆங்கிலேய அதிகாரி எல்லிஸ், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்திலிருந்து தோன்றியவை அல்ல என்று காட்டியது, கடன்சொற்களை ஒதுக்கிவிட்டு வேர்ச்சொற்களை ஒப்பிட்டதால்தான்; 1856இல் கால்டுவெல் அதை விரித்து நிறுவினார். தமிழ்ச் சொல்லைக் கேட்டுச் சிரிக்கும் கூட்டமும் பின்னர் தில்லியில் உருவானது. தலைநகர் கல்கத்தாவிலிருந்து தில்லிக்கு மாறும் என்று 1911இல் அறிவிக்கப்பட்டபின் அரசுப் பணிக்காகத் தமிழர் அங்கே குடியேறத் தொடங்கினர். 1946இல் தில்லித் தமிழ்ச் சங்கமும் தோன்றியது. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு 'கல்' தமிழில் பாறைத் துண்டு, இந்தியில் நேற்றும் நாளையும். 'நாம்' தமிழில் கேட்பவரையும் உள்ளடக்கிய பன்மை, இந்தியில் பெயர். இந்தியின் 'நாம்' பாரசீக 'நாம்' என்பதற்கு உறவு. வடமொழியிலிருந்து தமிழ் எடுத்துக்கொண்ட 'நாமம்' கடன். தமிழின் 'நாம்' இரண்டிலும் சேராமல், நான்–நாம், தான்–தாம் என்று ஒருமை 'ன்' பன்மையில் 'ம்' ஆகும் தன் முறையிலேயே நிற்பது, மலையாளத்தின் 'நாம்', கன்னடத்தின் 'நாவு' ஆகியவற்றோடு பிறந்தது.